ஒரு ஸீட்டா, இரண்டு ஸீட்டா? மலைக்கு வண்டி வாங்குவோர் கவனத்திற்கு

போடிநாயக்கனூரில் மொத்த மளிகை வியாபாரம் செய்து வரும் எங்களிடம் சரக்கு எடுக்கும் சில்லரை வியாபாரிகளில் பாதிப்பேர் மலைக்காரர்கள். போடிமெட்டு, பூப்பாறை, சாந்தம்பாறை என்று ஏலத்தோட்டங்களை நம்பிக் கடை வைத்திருப்பவர்கள். கடையோடு சொந்தமாகச் சில ஏக்கர் ஏலத்தோட்டமும் வைத்திருப்பவர்கள் இவர்களில் உண்டு. சில வருடங்களாக இவர்கள் சிட்டை கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கும்போது கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "அண்ணாச்சி, தோட்டத்துக்குள்ள ஓட்ட அந்த நாலு சக்கர பைக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். ஒத்தை ஸீட் வாங்கவா, ரெட்டை ஸீட் வாங்கவா?"

வண்டி விற்பவரைக் கேட்டால் அவரிடம் எது ஸ்டாக் இருக்கிறதோ அதைச் சொல்வார். நாம் வண்டி விற்கவில்லை. ஆனால் முப்பது நாற்பது வருடமாக மலைக்குச் சரக்கு ஏற்றி அனுப்பி வருகிறோம். எந்த வண்டி எங்கே கவிழும் என்பது ஓரளவு தெரியும். இந்தக் கேள்வியில் அடங்கியிருப்பது விலை வித்தியாசம் மட்டுமல்ல. பின்னால் உட்காரப் போகும் ஆள் பெரும்பாலும் நம் கடைப் பையனோ, தோட்டத்து வேலையாளோதான். அவன் முழுதாக வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம். ஏ.டி.வி. வாங்கும் எண்ணமே இல்லாத, வெறும் லோடு ஆட்டோ வைத்திருக்கும் அன்பர்களும் கடைசி வரை படிக்கக் கேட்டுக் கொள்கிறோம். அவர்களுக்கும் இதில் சேதி உண்டு.

முதலில் வண்டி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். ஆல் டெரெய்ன் வெஹிகிள் என்பதன் சுருக்கமே ஏ.டி.வி. பைக்கைப் போல் ஹேண்டில்பார், பைக்கைப் போல் கால் பரப்பி உட்காரும் ஸீட், ஆனால் கீழே பலூன் மாதிரி நான்கு அகல டயர்கள். ஹோண்டா கம்பெனி 1970-ல் இதை மூன்று சக்கரத்தோடுதான் கொண்டு வந்தது. சுஸுகி 1982-ல் நான்கு சக்கரத்தில் விட்டது. மூன்று சக்கர வண்டிகள் அளவுக்கு மீறிக் கவிழ்ந்து ஆட்களைக் கொன்றதால், 1988-ல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி கம்பெனிகள் அங்கே அவற்றை விற்பதை நிறுத்திக் கொண்டன. நான்கு சக்கரம் வந்ததும் ஆபத்து தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. குறைந்தது, அவ்வளவுதான்.

இந்த வண்டியை ஓட்டுவது பைக் ஓட்டுவது போலவும் இல்லை, கார் ஓட்டுவது போலவும் இல்லை. ஓட்டுகிறவர் தன் உடம்பையே பாரமாகப் பயன்படுத்த வேண்டும். மேட்டில் ஏறும்போது ஸீட்டில் முன்னால் நகர்ந்து குனிய வேண்டும். இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும். சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கமாகச் சாய வேண்டும். இப்படி நகர்வதற்காகத்தான் ஒற்றை ஸீட் ஏ.டி.வி.யில்கூட ஸீட்டை நீளமாக வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஷோரூமில் பார்த்தவுடன், "இது ஒத்தை ஸீட்டுன்னு சொல்றீங்க, ரெண்டு பேரு தாராளமா உக்காரலாமே" என்று சொல்வார்கள். புல்லட்டில் மூன்று பேர் போய்ப் பழகிய ஊர் நம்முடையது. அந்த நீளம் இரண்டாவது ஆளுக்காக விடப்பட்டது அல்ல. ஓட்டுகிறவர் நகர்ந்து கொள்ள விடப்பட்ட இடம். பின்னால் ஒரு ஆள் ஒட்டி உட்கார்ந்துவிட்டால் ஓட்டுகிறவர் பின்னால் நகர முடியாது, பின்னால் இருப்பவர் இடுப்பைப் பிடித்துக் கொண்டால் பக்கவாட்டில் சாயவும் முடியாது. கைகால்களைக் கட்டிப் போட்டுவிட்டு நீச்சல் அடிக்கச் சொல்வது போல் ஆகிவிடும்.

மாட்டு வண்டி காலத்தை அறிந்தவர்களுக்கு அடுத்ததை விளக்க வேண்டியதில்லை. வண்டி பின்பாரம் ஆகிவிட்டால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டின் கழுத்துக் கயிறு இறுக்கும். மேட்டில் ஏறும்போது இன்னும் மோசம். ஏ.டி.வி.யிலும் நடப்பது அதேதான். எங்கள் வீட்டில் என்ஜினீயரிங் படித்த பிள்ளையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வண்டி 300 கிலோ, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 130 சென்டிமீட்டர், ஓட்டுகிறவர் 70 கிலோ என்று வைத்துக் கொண்டோம். சமதரையில் ஒருவர் மட்டும் இருந்தால் முன் சக்கரங்கள் மீது சுமார் 175 கிலோ பாரம் இருக்கும். ஏழடிக்கு நாலடி உயரும் செங்குத்தான மேட்டில் அதே வண்டி நின்றால் முன்பாரம் 70 கிலோ அளவுக்கு இறங்கிவிடுகிறது. பின் தட்டில் 70 கிலோ ஆள் ஒருவரை ஏற்றினால் அது 35 கிலோ சுமாருக்கு வந்துவிடுகிறது. இது வண்டி சும்மா நிற்கும்போது உள்ள கணக்கு. ஆக்சிலேட்டரை அழுத்தினாலோ, முன் சக்கரம் ஒரு வேரில் ஏறினாலோ அந்த 35 கிலோவும் போய்விடும். வண்டி அப்படியே பின்னால் மல்லாந்து, 300 கிலோவும் இருவர் மேலும் விழும். முன்பாரம் குறைந்தால் ஹேண்டில்பார் சொன்ன பேச்சும் கேட்காது என்பதையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

சமதரையில் மட்டும் பார்த்தால் பின்னால் ஆள் ஏறியதால் முன்பாரம் ஐந்து கிலோதான் குறைகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றும் தெரியவில்லையே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சமதரை காட்டாததைச் சரிவு காட்டுகிறது. நம் மலையிலோ சமதரை என்று ஒன்று கிடைப்பதே அபூர்வம்.

இனி இரட்டை ஸீட் வண்டிக்கு வருவோம். உண்மையான இரட்டை ஸீட் ஏ.டி.வி. என்பது ஒற்றை ஸீட் வண்டியில் மெத்தையை நீட்டிச் செய்தது அல்ல. முன்பின் சக்கர இடைவெளியையே கம்பெனியில் அதிகப்படுத்தியிருப்பார்கள். சில மாடல்களில் இது எட்டு அங்குலம் வரை கூடுதல். பின் ஸீட் தனியாக, சற்று உயரமாக இருக்கும். முதுகுச் சாய்மானம், இரு பக்கமும் கைப்பிடி, பயணிக்குத் தனிக் கால்படி ஆகியவை இருக்கும். அமெரிக்கத் தர விதிகளில் ஒற்றை ஸீட்டை முதல் வகை என்றும், பயணியோடு போகக் கூடியதை இரண்டாம் வகை என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படித்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். "பயணியை ஏற்றாதே" என்று படம் போட்டிருந்தால் விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் அது ஒற்றை ஸீட் வண்டிதான். ஒற்றை வண்டி வாங்கிக் கொண்டு வந்து, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் பின்னால் ஸீட் அடித்து வைப்பதை யாரும் செய்ய வேண்டாம்.

மேலே சொன்ன அதே மேட்டில், 150 சென்டிமீட்டர் இடைவெளியும் 340 கிலோ எடையும் உள்ள இரட்டை வண்டியை இருவரோடு கணக்குப் போட்டால் முன்பாரம் மறுபடியும் 70 கிலோ சுமாருக்கு வருகிறது. அதாவது ஒற்றை வண்டியில் ஒருவர் போவதும், இரட்டை வண்டியில் இருவர் போவதும் ஏற்றத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய ஒன்று. அதற்கு மேல் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. இருவர் உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் குறுக்குச் சரிவில் கவிழும் பயம் கூடுதலாகவே இருக்கும். நீளமான வண்டி என்பதால் திருப்பத்துக்கு இடம் அதிகம் வேண்டும். ஓடையும் பள்ளமுமான தோட்டத்துப் பாதையில் வயிறு தட்டும்.

வியாபாரிக்குப் புரியும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. நடுத்தர ஏ.டி.வி. ஒன்றின் மொத்தத் தாங்குதிறன் ஓட்டுகிறவரையும் சேர்த்து 220 கிலோ என்று வைத்துக் கொள்வோம். இருவர் ஏறினால் 140 போய்விடும். மிச்சம் 80 கிலோ. ஒரு மூட்டை சீனியும், உப்பு புளி மிளகாய் அடங்கிய ஒரு பெட்டியும்தான் அதில் போகும். ஒருவர் மட்டும் போனால் 150 கிலோ மிச்சம். அதையும் ஒரே தட்டில் அடுக்கக் கூடாது. முன் தட்டு 40, பின் தட்டு 80 கிலோ என்று வரம்பு போட்டிருப்பார்கள். ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் பச்சைக்காய் ஐந்து கிலோ உலர்த்தினால் ஒரு கிலோ கிடைப்பதே பெரிது. பின் தட்டில் 80 கிலோ பச்சைக்காய் ஏற்றி ஸ்டோருக்குக் கொண்டு வந்தால் நம் கைக்கு வருவது 16 கிலோ காய். இந்த வேகத்தில் ஓட்டி வண்டி விலை எப்போது திரும்பும் என்று அவரவர் தோட்டத்து ஏக்கரை வைத்துக் கணக்குப் பார்த்துக் கொள்ளலாம். பத்து ஏக்கருக்குள் இருப்பவர்களுக்குக் கட்டுபடியாகாது என்பது நமது அபிப்பிராயம்.

ஆளையும் சரக்கையும் பிரித்து அனுப்பும் வழக்கம் நம் மலைக்குப் புதிதல்ல. மூணாறு தேயிலை முன்பு குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, பிறகு போடிக்கு வந்து சேர்ந்தது. அந்த ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக் கொண்டு போய்விட்டது. ரோப்வே கம்பியில் தொங்கி வந்தவை சரக்குப் பெட்டிகள்தான். குதிரையிலும் கோவேறு கழுதையிலும் மலைக்கிராமங்களுக்கு அரிசி ஏற்றியவர்களும் பாரம் ஏற்றிய மிருகத்தின் மேல் தாமும் ஏறிக் கொள்ளவில்லை, பக்கத்தில் நடந்தார்கள்.

ஆளை ஏற்றித்தான் தீர வேண்டும் என்பவர்களுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஸைடு பை ஸைடு என்ற வண்டி. இதில் ஸ்டியரிங் சக்கரம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஸீட், ஸீட் பெல்ட், தலைக்கு மேல் இரும்புக் கூண்டு, பின்னால் சிறிய சரக்குத் தொட்டி எல்லாம் உண்டு. கவிழ்ந்தாலும் பெல்ட் போட்டிருந்தால் கூண்டு தாங்கும். ஏ.டி.வி.யில் அந்தக் காப்பு கிடையாது. ஆஸ்திரேலியாவில் பண்ணை விபத்துச் சாவுகளில் ஏ.டி.வி. முன்னணியில் நின்றதால், 2021 அக்டோபர் 11 முதல் அங்கே விற்கும் பொது உபயோகப் புது ஏ.டி.வி. ஒவ்வொன்றிலும், கவிழும்போது ஆளை நசுக்காமல் தடுக்கும் பாதுகாப்பு அமைப்பு இருக்க வேண்டும் என்று சட்டம் செய்துவிட்டார்கள். சில பெரிய கம்பெனிகள் அந்த நாட்டில் ஏ.டி.வி. விற்பதையே விட்டுவிட்டன. ஸைடு பை ஸைடு வண்டிக்கு அகலம் கூடுதல், விலையும் கூடுதல். அந்த விலைக்கு நல்ல கண்டிஷனில் ஃபோர் வீல் ஜீப் ஒன்று வாங்கலாம் என்பவர்களோடு நாம் சண்டைக்குப் போக மாட்டோம். ஜீப் மெக்கானிக் தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். ஏ.டி.வி.யில் டிரைவ் பெல்ட் அறுந்தால் எங்கே கிடைக்கும் என்று நம் ஊர் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் விசாரித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு இன்றும் ஜீப்தான் ஏறிக் கொண்டிருக்கிறது.

அடுத்து ரிஜிஸ்டிரேஷன். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி பொது இடத்தில் ஓட்டும் எந்த மோட்டார் வண்டிக்கும் பதிவு வேண்டும். ஏ.டி.வி.க்கு நான்கு சக்கரம் இருந்தும் கார் வகையில் சேராது, ஹேண்டில்பார் இருந்தும் இருசக்கர வகையில் சேராது. ஆகவே பொதுவாக இவற்றைத் தோட்டத்துக்குள் ஓட்டத்தான் விற்கிறார்கள். போலரிஸ் கம்பெனி மட்டும் தன் ஸ்போர்ட்ஸ்மேன் மாடல் ஒன்றை டிராக்டராக அங்கீகாரம் வாங்கி விற்பனைக்கு விட்டது. டிராக்டர் என்றால் சட்டத்தின் கண்ணில் அது ஓட்டுகிறவருக்கான வண்டி. மட்கார்டில் உட்கார்ந்து போய் அடிபட்டவர்களின் இன்சூரன்ஸ் வழக்குகள் என்ன ஆயின என்று வக்கீல்களைக் கேட்டால் சொல்வார்கள். நம் தோட்டங்களில் பலருக்கு ஒரு பிளாட் ரோட்டுக்கு இந்தப் பக்கம், இன்னொரு பிளாட் அந்தப் பக்கம். பஞ்சாயத்து ரோட்டைக் குறுக்கே கடக்கும் அந்த இருபது அடியும் பொது இடம்தான். பதிவு எண் இல்லாத வண்டிக்கு நாம் வழக்கமாகக் கட்டும் மோட்டார் பாலிசி பொருந்தாது. என்ன பாலிசி, யார் யாருக்குப் பொருந்தும் என்பதை ஏஜெண்டிடம் வாய்ப்பேச்சில் கேட்காமல் எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும்.

லோடு ஆட்டோக்காரர்களுக்குச் சேதி உண்டு என்றோமே, அது இப்போது. ஒரு ஸீட்டா இரண்டு ஸீட்டா என்ற கேள்வி மலைத்தோட்டத்தை விட நம் கடை வாசலில்தான் அதிகம். மூன்று சக்கர லோடு ஆட்டோவில் ஸீட் ஒன்றுதான், டிரைவருக்கு மட்டும். ஆனால் நாம் அதில் என்ன செய்கிறோம்? சரக்கு இறக்க லோடுமேன் வேண்டும் என்று டிரைவர் பக்கத்தில் அரை ஸீட்டில் ஒடுங்க வைத்து அனுப்புகிறோம். சில நாள் சரக்குக்காரரே அப்படிப் போகிறார். தேனி மாவட்டத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கியடித்துக் கொண்டு போகும் கூட்டத்தைத் தினமும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு தப்பாகவே தோன்றுவதில்லை.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். 1994-ல் செய்த திருத்தத்தின்படி சரக்கு வண்டியில் தன் சரக்கோடு போகும் சரக்குக்காரருக்கும், அவர் அனுப்பும் பிரதிநிதிக்கும் இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு. இதைத் தெரிந்தவர்கள் "சரக்கு என்னது, நான் உட்கார்ந்து போகலாம்" என்று சொல்வார்கள். ஆனால் அவர் கேபினில் உட்கார்ந்து வந்தால்தான் இந்தச் சலுகை என்று 2007-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மூட்டை மேல் உட்கார்ந்தவருக்கு இல்லை. 2008-ல் வந்த இன்னொரு தீர்ப்பு நேராக லோடு ஆட்டோ பற்றியது. டிரைவரின் ஸீட்டைப் பகிர்ந்து கொண்டு போன ஒருவர் விபத்தில் அடிபட்டு நஷ்டஈடு கேட்ட வழக்கு. மூன்று சக்கர சரக்கு வண்டியில் டிரைவர் ஸீட்டில் வேறு எவரும் பங்கு போட்டு உட்கார இடமில்லை, ஆகவே இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியானால் பணம் யார் தருவது? வண்டிக்காரர் தலையில் விழும். வேலையாள் வேலை நேரத்தில் அடிபட்டால் இழப்பீடு தர வேண்டியவர் முதலாளி என்பது 1923-லிருந்து இந்த நாட்டில் இருந்து வரும் சட்டம். பாலிசி கைவிட்ட தொகை கடையைத் தேடித்தான் வரும். சிறு கடை ஒன்று மூடிப் போக அது ஒன்றே போதும். போன உயிருக்கு அதுவும் ஈடாகாது என்பது வேறு விஷயம்.

அதனால்தான் சிறிய நான்கு சக்கர மினி லாரிகளுக்கு நாம் பரிந்து பேசுகிறோம். டாட்டா ஏஸ் 2005-ல் வந்தபோது எல்லோரும் பார்த்தது அதன் லோடு கணக்கைத்தான். நமக்குப் பெரிதாகப் பட்டது டிரைவருக்குப் பக்கத்தில் இருந்த அந்த இரண்டாவது ஸீட். லோடுமேன் இல்லாமல் சரக்கு இறங்காது என்றால் லோடுமேனுக்கு ஸீட் உள்ள வண்டிதான் நமக்கு ஏற்ற வண்டி. பாலிசி எடுக்கும்போது டிரைவர், லோடுமேன் எத்தனை பேர் என்று சொல்லி அதற்குரிய பிரீமியத்தையும் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். கூடுதலாக வருவது சொற்பத் தொகை.

மறுபடியும் மலைக்காரர்களின் கேள்விக்கு வருவோம். பெரிய தோட்டம், சொந்தப் பாதை, மேற்பார்வைக்கும் பம்பு செட் பார்க்கவும் ஒரே ஆள் போய் வருவது என்றால் ஒற்றை ஸீட் ஏ.டி.வி. போதும். கட்டையான வண்டி, சட்டென்று திரும்பும். ஆனால் அதில் இன்னொருவரை ஒரு நாளும் ஏற்றக் கூடாது. "மழையில் நனைகிறான், பாவம்" என்றுகூட ஏற்றக் கூடாது. வாரத்தில் ஒரு நாளாவது ஆள் ஏற வேண்டியிருக்கும், காயம் பட்டவரை இறக்கிக் கொண்டு வர வேண்டியிருக்கும் என்று தோன்றினால் ஒற்றை ஸீட் பக்கமே போக வேண்டாம். நேராக ஸைடு பை ஸைடு, இல்லையென்றால் ஜீப். இரண்டுக்கும் நடுவில் உள்ள இரட்டை ஸீட் ஏ.டி.வி.யை, பாதை அகலம் நாலடிக்கு மேல் இல்லாத தோட்டக்காரர்களுக்குத்தான் நாம் சொல்வோம். அவர்களும் குறுக்குச் சரிவு வந்தால் பின்னால் இருப்பவரை இறக்கி நடக்க விட வேண்டும்.

எதை வாங்கினாலும் ஹெல்மெட் கட்டாயம். டயர் காற்று விஷயமும் உண்டு. இந்த பலூன் டயர்களுக்கு 5 முதல் 7 பவுண்டு காற்றுத்தான். பெட்ரோல் பங்கில் பையன் பழக்க தோஷத்தில் 30 பவுண்டு அடித்துவிட்டால் வண்டி கல்லுக்குக் கல் பந்து போல் எகிறும். அவ்வளவு குறைந்த அளவைப் பங்கு மீட்டர் சரியாகக் காட்டவும் காட்டாது. இதற்கென்று சிறிய கேஜ் ஒன்று தனியாக வாங்கி வைத்துக் கொள்ள வேண்டும்.

லோடு ஆட்டோவை உடனே மாற்ற வசதிப்படாதவர்கள், ஆர்.சி. புத்தகத்தில் ஸீட்டிங் கெபாசிட்டி என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஒன்று என்று இருந்தால் லோடுமேனைப் பஸ்ஸில் முன்னாலேயே அனுப்பிவிடலாம். பெரும்பாலான கடைகளுக்குப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடக்கிற தூரம்தான். அந்தச் சார்ஜை வண்டி வாடகைக் கணக்கோடு சேர்த்து எழுதிக் கொள்ளலாம்.